கொள்கலன் கொள்வதற்கன்று

கன்டெய்னர் என்னும் மென்பொருட் சொல்லைத் தமிழில் கொள்கலன் என்று வழங்குகிறோம். சொல்லாக்கத்தில் குறையில்லை, பொருளில்தான் இடர்ப்பாடு. கலன் என்றதும் எதையேனும் சேமித்து வைக்கும் பாத்திரம் என்றே மனம் கொள்கிறது. டாக்கரின் கொள்கலனோ வாழையிலையை ஒத்தது. உண்டபின் எடுத்தெறிவதற்கென்றே விரிக்கப்படுவது. நெல்லுக்குக் குதிர் வேறு வேண்டும். மானுடவியல், மொழியியல் துறைகளில் மெய்நிகர் கணினிகளைக் கையாளத் தொடங்கியிருக்கும் நம்மில் பலர் தரவை இலையிலேயே விட்டுவைக்கிறோம் என்பதே என் கவலை.

டாக்கரின் படிமம் பல அடுக்குகளால் ஆனது, அவை மாற்றவியலாதவை. கொள்கலன் இயங்கும்போது அவற்றின்மேல் எழுதக்கூடிய மெல்லிய அடுக்கு ஒன்று விரிக்கப்படுகிறது. வேறிடம் குறிப்பிடாதவரை, நாம் திருத்தும் ஒலிபெயர்ப்பும் சேர்க்கும் குறிப்பும் அவ்வடுக்கில்தான் விழுகின்றன. கொள்கலனை நிறுத்தினால் அவ்வடுக்கு அழியாது, நீக்கினால் அழியும். மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறுவது என்பது நடைமுறையில் பழைய கொள்கலனை நீக்கிப் புதியதை உருவாக்குவதே. ஆக, எல்லாம் முறைப்படி நடந்தபோதே ஓராண்டு உழைப்பு மறைந்துபோகலாம்.

மெய்நிகர் கணினியில் இச்சிக்கல் மேலும் இறுகுகிறது. லினக்ஸில் டாக்கர் தன் உடைமைகள் அனைத்தையும் இயல்பாக வார் என்னும் அடைவுக்குள் வைக்கும். அது பெரும்பாலும் இயங்குதளம் குடியிருக்கும் அதே வட்டு. கணினி மையம் 40 ஜிபி வட்டுடன் ஓர் இயந்திரம் தருகிறது என்று கொள்வோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒற்றைத் தடமாகப் பதிந்த களஆய்வு ஒலி மணிக்கு ஏறத்தாழ 518 எம்பி பிடிக்கும். 100 மணி நேரத்துக்கு 52 ஜிபி. அதன்மேல் பேச்சறி மாதிரிகள், படிமங்கள், வரம்பிடாவிட்டால் வளர்ந்துகொண்டேயிருக்கும் பதிகைக் கோப்புகள். வட்டு நிறைந்ததும் தரவுத்தளம் எழுத இயலாமல் நிற்கிறது. பதற்றத்தில் எவரோ பயன்படாதவற்றை நீக்கும் கட்டளையை இடுகிறார். நிறுத்திவைத்திருந்த கொள்கலன்கள் எல்லாம் அதில் அடித்துச் செல்லப்படுகின்றன.

தீர்வு அரிதன்று. இயந்திரத்தைப் பெறும்போதே தரவுக்கென இரண்டாவது மெய்நிகர் வட்டு ஒன்றைக் கேட்டுப் பெறுவது. மறுதொடக்கத்தில் மாறிவிடக்கூடிய சாதனப் பெயரால் அன்றி, யுயுஐடி எனப்படும் தனி அடையாளத்தால் அதை நிலையாக மவுன்ட் செய்வது. அதிலுள்ள அடைவை வெளியிலிருந்து கொள்கலனுக்குள் இணைப்பது. ஒரு கண்ணி மட்டும் உண்டு. என்றேனும் அவ்வட்டு மவுன்ட் ஆகாமல் போனால் டாக்கர் பெரும்பாலும் முறையிடாது. அதே பெயரிலுள்ள வெற்று அடைவில் அமைதியாக எழுதத் தொடங்கிவிடும். வட்டு வந்த பின்னரே டாக்கர் தொடங்கும்படி சிஸ்டம்டியில் ஒரு வரி சேர்த்தால் போதும். மெய்நிகர் கணினியின் ஸ்னாப்ஷாட்டைக் காப்புப்படி என்று நம்புவோரும் உளர். மூல வட்டு இருக்கும் அதே சேமிப்பகத்திலேயே அதுவும் இருந்தால், சேமிப்பகம் பழுதாகும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

‘இவையெல்லாம் கணினி மையத்தார் வேலை, ஆய்வாளனுக்கு எதற்கு?’ என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. வட்டை இணைப்பது அவர்கள் வேலைதான். எது மீட்கக்கூடியது, எது மீளாதது என்பதை அவர்கள் எவ்வாறு அறிவார்கள்? 10 ஜிபி மொழி மாதிரியை மீண்டும் பதிவிறக்கலாம். 2 எம்பி கூட இல்லாத உரைக்குறிப்புக் கோப்பை எங்கும் பெற இயலாது. அளவைக் கொண்டு மதிப்பிடும் கண்ணுக்கு முதலாவதே பெரிது. இப்பாகுபாடு புலமை சார்ந்த தீர்ப்பு. ஆய்வேட்டின் முறையியல் இயலில் இடம்பெறத் தக்கது.

இன்னொன்றும் உண்டு. தகவலாளரின் குரற்பதிவைப் படிமத்துக்குள்ளேயே வைத்துப் பகிர்ந்துவிட்டு, அவர் இசைவைத் திரும்பப் பெற்றதும் மேலடுக்கில் அழித்தால் அது அழியாது; கீழடுக்கில் அப்படியே கிடக்கும். படிமத்தைப் பெற்ற எவரும் அதை எடுக்கலாம்.

அந்தமானின் போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். அத்தகைய மொழியின் பதிவுகளை மீண்டும் களத்துக்குச் சென்று எடுக்கவியலாது. கிரியர்சனின் இந்திய மொழி அளவீட்டையொட்டி 1910களிலும் 1920களிலும் பதிவான இசைத்தட்டுகளின் ஒலியை இன்றும் கேட்க முடிகிறது. அரக்குத் தட்டு நூறாண்டு தாங்கியிருக்க, நம் பதிவு ஒரு பதிப்பு மாற்றத்தைத் தாங்காது என்பது ஏற்கத்தக்கதா?

முனைவர்ப் பட்டக் குழுக்கள் ஆண்டு மதிப்பீட்டில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: இந்த இயந்திரம் இன்றிரவு நீக்கப்பட்டால் எவை திரும்ப வாரா? கணினி மையங்கள் விண்ணப்பப் படிவத்திலேயே தரவு வட்டுக்கு ஒரு கட்டம் ஒதுக்கலாம். இரண்டாவது வட்டு கேட்டு மறுக்கப்பட்டவர்கள் இங்கு இருந்தால், கூறப்பட்ட காரணத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தொகுத்து ஒரு கோரிக்கையாக்க எண்ணியுள்ளேன்.