குற்றம் காயிலில்தானா?

பழைய புல்லட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென அடங்கிப்போனால், முதற்பழி காயிலின் மீது விழுவது வழக்கமாகிவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பார்கள், வண்டி கிளம்பாது. "காயில் போச்சு சார், மாத்திடுங்க" என்று தீர்ப்பு வந்துவிடும். மீட்டரை எடுத்து அளந்தும் பாராமல் வழங்கப்படும் இத்தீர்ப்பு நமக்கு ஏற்புடையதன்று. மீட்டரில் எண் சரியாக இருக்கிறது என்பதற்காகவே காயிலைக் குற்றமற்றதென விடுவிப்பதும் அவ்வாறே ஏற்புடையதன்று. முன்னது பரவலான பிழை. பின்னது சற்றுப் படித்தவர்கள் செய்யும் பிழை.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இவ்வண்டி பின்னர் இந்திய இராணுவத்துக்காகவும் இங்கு வந்தது. 1955 முதல் சென்னையிலேயே உருப்பெற்றது. பாயிண்ட், கண்டென்சர், காயில் ஆகிய மூன்றையும் நம்பிப் பல பத்தாண்டுகள் ஓடிய வண்டி அது. முந்தியவை 6 வோல்ட், பிந்தியவை 12 வோல்ட். இன்றும் பலர் அவற்றைப் பேணி ஓட்டிவருகிறார்கள்.

காயில் என்பது ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றப்பட்ட இரு சுருள்கள்தாம். தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள். மயிரிழை போன்ற கம்பியில் பல்லாயிரம் சுற்றுகள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முதற்சுருளில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் எழுகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அப்புலம் சரிய, இரண்டாம் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம் பிறந்து பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. அந்தச் சரிவு எவ்வளவு விரைவானதோ அவ்வளவு வலியது பொறி. விரைவைத் தருவது கண்டென்சர். அது கெட்டால் மின்சாரம் பாயிண்டின் வாயிலேயே பொறியாகச் சிதறும். பிளக்கில் மெலிந்த பொறியே எஞ்சும். நோய் கண்டென்சரில், அறிகுறியோ காயிலுக்குரியது. ஆகவே பாயிண்டில் தெளிவான பொறி தொடர்ந்து பறப்பதைக் கண்டால், நல்ல கண்டென்சர் ஒன்றை வெளியிலிருந்தே கம்பியால் இணைத்துப் பார்த்துவிட வேண்டும். அதன் விலை காயிலின் விலையில் ஒரு சிறு பங்கே.

கருவி எதுவுமின்றிச் செய்யத்தக்க சோதனையும் உண்டு. முன்விளக்கின் மேலே சிறு அம்மீட்டர் ஒன்று பதித்திருப்பதைப் புல்லட் ஓட்டியவர்கள் அறிவார்கள். சாவியைத் திருப்பிவிட்டு, டீகம்ப்ரசர் நெம்புகோலைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் இறங்கும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். முள் அசையவே இல்லையெனில் பாட்டரி, வயர், பாயிண்டின் அழுக்கு, முதற்சுருளின் அறுபடல் ஆகியவற்றில் ஒன்று. இறங்கிய முள் மீளவே இல்லையெனில் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட். நம் ஊர்ப் பழைய மெக்கானிக்குகள் இந்த முள்ளைப் படித்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார்கள். எலக்ட்ரானிக் வண்டிகளில் பழகிய கைகளுக்கு அது அலங்காரமாகத் தெரிவதில் வியப்பில்லை.

அதன் பிறகுதான் மீட்டர். காயிலின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். 12 வோல்ட் காயிலின் முதற்சுருள் பெரும்பாலும் 3 முதல் 4 ஓம்; 6 வோல்ட் காயிலில் அதில் ஏறத்தாழப் பாதி. இவ்வளவு சிறிய எண்ணை அளக்கையில் மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையையும் முதலில் பார்த்துக் கழித்துக்கொள்வது நல்லது. இரண்டாம் சுருள் சில ஆயிரம் ஓம் காட்டும். பிளக் மூடியோடு சேர்த்து அளப்பவர்கள், பல மூடிகளுக்குள் 5,000 ஓம் தடை ஒன்று ஒளிந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

எண்கள் சரியாக வந்தால் காயில் நல்லதா? இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். மீட்டர் காயிலுக்குள் செலுத்துவது ஓரிரு வோல்ட். காயில் வேலை செய்வதோ பல்லாயிரம் வோல்ட்டில். சுற்றுகளுக்கு இடையேயுள்ள காப்புப் பூச்சு அந்த அழுத்தத்தில்தான் விரிசல் காட்டும். அதுவும் பெரும்பாலும் சூடேறிய பிறகே. இருபது நிமிடம் ஒழுங்காக ஓடி, நின்று, அரைமணி நேரம் ஆறிய பின் ஒன்றுமே நடவாததுபோலக் கிளம்பும் வண்டியைக் கண்டவர்களுக்கு இது புரியும். மாலையில் நின்ற வண்டியின் காயிலை மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் அளப்பது, காய்ச்சல் தணிந்த பின் வெப்பமானி வைப்பதை ஒக்கும். நின்ற இடத்திலேயே, சூடு ஆறுமுன் சோதிக்க வேண்டும். மேசையில் வைத்துச் சோதிப்போர் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றிக்கொள்ளலாம். 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறினால் செம்பின் தடை இயல்பாகவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதைக் கோளாறென்று கொள்ள வேண்டியதில்லை.

இறுதிச் சான்று பொறிதான். ஆனால் பிளக்கை வெளியே எடுத்து எஞ்சினில் சாய்த்து வைத்துப் பொறி வருகிறதென்று நிறைவடைவது போதாது. திறந்த காற்றில் பிளக்கின் சிறு இடைவெளியைத் தாண்டுவது எளிது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளிக்கு மிகுதியான வோல்ட் வேண்டும். 5, 6 மில்லிமீட்டர் இடைவெளியைத் திறந்த காற்றில் தயங்காமல் தாண்டும் பொறியே நம்பத்தக்கது. பெட்ரோல் ஆவி அருகில் இருக்கலாகாது. கம்பியைக் கையால் பிடிக்கும் வீரமும் வேண்டாம். பொறிக்குப் போக வழியே இல்லாமல் கம்பியை அந்தரத்தில் விட்டு உதைத்தால், அந்த அழுத்தம் காயிலின் உள்ளேயே வழி தேடி, நல்ல காப்பையும் துளைத்துவிடும்.

விளங்காத சொல்லைக் கண்டதும் திருத்திவிடும் பதிப்பாசிரியர்கள் நம் துறையில் உண்டு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. அதற்காக எத்தனை ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இந்தக் காயில் விவகாரம் நம் நினைவுக்கு வருவது தொழிற்கோளாறாக இருக்கலாம்.

அவசரத்தின் விலை பணத்தோடு முடிவதில்லை. ஆராயாமல் காயிலை மாற்றியவர், கெட்ட கண்டென்சரோடு மீண்டும் நெடுஞ்சாலைக்கு வருகிறார். இரவில் லாரிகளுக்கு நடுவே மீண்டும் நிற்கிறார். 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் காயிலை மாட்டினால் இருமடங்கு மின்சாரம் ஓடிப் பாயிண்ட் கருகும்; மாறாக மாட்டினால் பொறி மெலியும். பழைய காயிலோ அதற்குள் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

புதுக் காயிலையும் அளந்த பின்பே பூட்ட வேண்டும். வோல்ட், குளிர்ந்த நிலைத் தடை, சூடான நிலைத் தடை, அளந்த தேதி ஆகிய நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கருவிப்பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்தால், அடுத்து அவ்வண்டியைத் திறக்கும் மெக்கானிக்குக்கு ஒப்பிட ஏதேனும் இருக்கும்.