ஒரு வீட்டு விளக்குக்கு எத்தனை எஜமானர்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியின் கைப்பேசியில் ஒரு விளம்பரம்: வீடே உங்கள் சொல் கேட்குமாம்! பல்பு, பிளக், மின்விசிறி, காமிரா எல்லாம் 'ஸ்மார்ட்' ஆம். தவணையிலும் கிடைக்கும். போனசை நம்பி வாங்கியும் விடுகிறான். எது தள்ளுபடியில் வந்ததோ அதை வாங்குகிறான். ஆகவே பல்பு ஒரு கம்பெனி, பிளக் வேறொன்று, விசிறி மூன்றாவது, காமிரா நாலாவது. நம் வீடுகளில் சாமான் இப்படித்தான் சேரும்.

பிறகு நடப்பது என்ன? நாலு சாமானுக்கு நாலு செயலி, நாலு கடவுச்சொல். வாசலில் ஆள் வந்தால் காமிரா பார்த்து விளக்கு எரிய வேண்டும் என்கிறான். எரியாது! காமிரா ஒரு கம்பெனி, பல்பு இன்னொரு கம்பெனி அல்லவா? ஒன்று வை-பையில் பேசும். மற்றொன்று ஜிக்பீயில் பேசும், அதற்கு 'ஹப்' என்று தனிப் பெட்டி வாங்க வேண்டும். வயரிங் தொழிலாளியைக் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அரை நாள் கூலி போகிறது, திட்டும் கிடைக்கிறது. விற்றவன் திட்டு வாங்குவதில்லை.

"இது நுட்பமான தொழில், ஒத்துப்போக வைப்பது கடினம்" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். யாரிடம் அளக்கிறார்கள் இந்தக் கதையை? நம்மில் பிட்டர் உண்டு, டர்னர் உண்டு. எந்த ஊர்ப் பட்டறையில் செய்த எம்-12 போல்ட்டிலும் எம்-12 நட்டு ஏறவில்லையா? பொன்னேரிக் கழனியில் மோட்டார் ஒரு கம்பெனி, ஸ்டார்ட்டர் ஒரு கம்பெனி, குழாய் ஒரு கம்பெனி. தண்ணீர் வராமலா போகிறது? அத்திப்பட்டு அனல் மின் நிலையத்து மின்சாரம் பல்பின் ஜாதகம் பார்த்தா பாய்கிறது? 230 வோல்ட், 50 சைக்கிள் என்று அளவு பொதுவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பொது அளவு இருந்தால் நாம் கடை மாறிவிடுவோம். ஒரு பல்பு வாங்கியவன் அடுத்த பத்துச் சாமானையும் அவர்களிடமே வாங்க வேண்டும்! முன்பணம் கொடுத்துப் பண்ணையாளைக் கட்டிப்போட்ட மிராசுதாரனின் பழைய வித்தைதான் இது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. விளக்கு நம் சுவரில், உத்தரவு கம்பெனியின் சர்வரில்! அமெரிக்காவில் ரிவால்வ் என்ற கம்பெனி 299 டாலருக்கு ஹப் விற்றது. 2014-இல் கூகிளைச் சேர்ந்த நெஸ்ட் அக்கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்தவர் வீட்டில் பெட்டி பிணமாயிற்று. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் சர்வர் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றது. அதன் சாமானை வாங்கியிருந்தவர்களிலேயே சிலர் கூடிக் கம்பெனியை வாங்கித்தான் உயிர் கொடுத்தார்கள். பெல்கின் கம்பெனியோ, தன் 'வீமோ' சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31-உடன் ஆதரவு முடிகிறது என்று 2025 ஜூலையில் அறிவித்தது.

"'மேட்டர்' என்ற பொது மொழி வந்துவிட்டதே" என்பார்கள். வந்தது உண்மை, 2022 அக்டோபரில். நல்ல காரியமே. ஆனால் எழுதியது யார்? ஆப்பிள், அமேசான், கூகிள், சாம்சங் முதலிய கம்பெனிகள் கூடிய சங்கம். ஏற்பதும் ஏற்காததும் கம்பெனியின் இஷ்டம்! முதல் பதிப்பில் காமிராவுக்கு இடமே இல்லை. ஏற்ற கம்பெனியும் அணைக்க, ஏற்ற மட்டும் பொது மொழியில் விட்டு, மற்ற வசதிகளைத் தன் செயலிக்குள் பூட்டி வைக்கலாம்.

கூரை ஒழுகுகிறவனுக்கு இது எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். ஸ்மார்ட் மீட்டர் என்ற பெயரில் இதே சாமான்தான் நம் வாசலுக்கும் வரப் பார்க்கிறது. அந்த மீட்டருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2015-இலேயே ஐ.எஸ். 16444 என்று தரம் எழுதிவிட்டது. எந்தக் கம்பெனி மீட்டரும் ஒரே மொழியில் கணக்குச் சொல்ல வேண்டும். காசு வசூலிக்கும் கருவிக்கு முடிந்தது, காசு கொடுத்து வாங்கும் பல்புக்கு முடியாதா? ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கெல்லாம் ஒரே சார்ஜர் துளை என்று சட்டத்தால் கட்டவில்லையா?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இத்தகைய சாமானுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை தருவோம் என்று கம்பெனி சொல்லியே ஆக வேண்டும். இங்கும் அந்தத் தேதியை டப்பாவின் மேல் தமிழில் அச்சடிக்கச் செய்யட்டும் சர்க்கார். சர்வர் நின்றாலும் சுவர் ஸ்விட்சில் விளக்கு எரியுமா, வேறு கம்பெனிச் சாமானோடு சேருமா என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும். தவணைக் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் நாம் படித்துக்கொள்கிறோம்.