வீட்டு பீரில் நுரை வரலையா? சர்க்கரையைக் கூட்டாதீங்க!

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. ஆனால், குளிர்காலத்தில் பாட்டிலைத் திறந்தால் ‘புஸ்’ சத்தமே வராது. உடனே சிலர் சர்க்கரையைக் கூட்டுகிறார்கள். இது ஆபத்தான வைத்தியம்.

லிட்டருக்கு 6-7 கிராம் சர்க்கரையே பெரும்பாலும் போதும். அதைத் தின்று வாயுவை உண்டாக்குவது ஈஸ்ட். ‘ஏல்’ வகை ஈஸ்ட்டுக்கு 18-22 டிகிரி செல்சியஸ் வேணும். 10 டிகிரியில் அது தூங்கிடும். கூடுதல் சர்க்கரை அப்படியே கிடக்கும். வெயில் வந்து ஈஸ்ட் விழித்ததும் பாட்டில் வெடிக்கலாம். கண்ணாடிச் சில்லு கண்ணைப் பதம் பார்த்துவிடும்.

அதற்குப் பதில், பாட்டில்களைக் கதகதப்பான அறைக்கு மாத்துங்க. அடியில் படிந்த ஈஸ்ட் கலைய, மெதுவாக ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துங்க. இரண்டு, மூன்று வாரம் பொறுங்க. அப்புறம்தான் ஃப்ரிட்ஜ்!