கடல் கொண்ட கதையும் கீழடி ஓடும்

நம் ஆரப்பாளையத்து டீக்கடையிலும் குமரிக்கண்டப் பெருமைதான். தென்மதுரையில் முதற் சங்கம் 4440 ஆண்டு நடந்ததாம். சிவபெருமானே அதில் புலவராய் உட்கார்ந்தாராம். பிறகு அந்த ஊரைக் கடல் கொண்டதாம். இது இறையனார் களவியல் உரை சொல்லும் கதை. அந்தக் கண்டந்தான் லெமூரியா என்கிறார்கள். லெமூரியா, மடகாஸ்கர் பிராணிகளுக்கு விளக்கம் தேடி ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலார் 1864ல் வைத்த பெயர். கண்டங்கள் நகர்வது தெரிந்தபின் விஞ்ஞானிகளே அதைக் கைவிட்டார்கள். நம் பண்டிதர்கள் விடவில்லை!

கடலுக்குள் போவானேன்? மதுரைக்குப் பக்கத்துக் கீழடியில் 2015ல் தோண்டத் தொடங்கினார்கள். பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று தமிழில் பெயர் கீறியிருக்கிறது. பானையில் பேரெழுதிய நாட்டில், பின்னால் தாழ்த்தப்பட்டவனும் பெண்ணும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கக் கூடாதென்று ஆக்கியவர் யார்? நாம் இழந்த அறிவு அதுவல்லவா? அதைக் கேட்டால் மட்டும் பண்டிதர் வாய் திறப்பதில்லை.