வயிற்றைச் சுருக்குமுன் மனதையும் கேட்போம்

"டொக்டர், அந்த சைக்கோலொஜிஸ்ற் என்ன கேட்பா? என்ன சொன்னால் பாஸ் பண்ணலாம்?"

எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்காக நாங்கள் வைத்தியசாலைக்கு அனுப்பும் எம்மவர்களில் பலர், உளவியல் மதிப்பீட்டுக்குத் திகதி வந்ததும் எங்களிடம் திரும்பி வந்து கேட்கும் கேள்வி இது. இரத்தப் பரிசோதனைக்கு யாரும் இப்படிப் பாடமாக்கிக்கொண்டு போவதில்லை. மனதைப் பற்றிய கேள்வி என்றால் மட்டும் அது எங்களுக்குச் சோதனை மண்டபமாகி விடுகிறது. "எனக்கென்ன விசரோ?" என்று கோபிப்பவர்களும் உண்டு. "ஒரு கவலையும் இல்லை, எல்லாம் நல்லம்" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் அதைவிட அதிகம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த அறையில் மறைக்கப்படும் விடயம், சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்குள் வந்து நிற்கும்.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

பிரித்தானியாவில் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டியின்படி, பி.எம்.ஐ. எனப்படும் உடற்திணிவுச் சுட்டி 40 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களையும், 35க்கு மேல் இருந்து நீரிழிவு போன்ற நோய்கள் உள்ளவர்களையும் இச்சிகிச்சைக்கான மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். தெற்காசியர்களாகிய எங்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் வருவதால், இந்த அளவுகளை 2.5 குறைத்துப் பார்க்கலாம். 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு இது 96 கிலோ. நீரிழிவும் இருந்தால் ஏறக்குறைய 83 கிலோ. எங்கள் கொண்டாட்டங்களில் இந்த எடையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நாங்கள் இந்தச் சிகிச்சைக்கு எதிரானவர்கள் அல்லர். பலருக்கு நீரிழிவு கட்டுப்பட்டிருக்கிறது. முழங்கால் வலி குறைந்து படியேறுகிறார்கள். ஆனால் "ஸ்லீவ்" முறையில் இரைப்பையின் முக்கால் பங்களவு வெட்டி அகற்றப்படுகிறது. அதைத் திரும்ப வைக்க முடியாது. விற்றமின்களும் இரத்தப் பரிசோதனைகளும் வாழ்நாள் முழுவதும் வேண்டும். இப்படி ஒரு மாற்றத்துக்குப் போகிறவரின் மனம் ஆயத்தமாக இருக்கிறதா என்று கேட்பது நியாயமானதே.

கேட்பவை என்ன?

யாருக்கும் தெரியாமல் சாப்பிடுகிறீர்களா, கவலையிலும் கோபத்திலும் கை சாப்பாட்டைத் தேடுகிறதா, மனச்சோர்வு இருந்ததா, மது எவ்வளவு, உயிரை மாய்க்கும் எண்ணம் எப்போதாவது வந்ததா, மெலிந்தபின் வாழ்க்கை எப்படி மாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள், வீட்டில் யார் துணை. பெரும்பாலும் இவைதான்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதற்காக மட்டும் சிகிச்சையை மறுப்பதில்லை. முதலில் அதைச் சீராக்கிவிட்டு சத்திரசிகிச்சைக்குப் போகலாம். ஆனால் அந்த மாத்திரையை மறைத்தால் ஆபத்து. பைபாஸ் செய்தபின் சில மருந்துகள் உடலில் சேரும் அளவு மாறக்கூடும். யாராவது அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் பசியின் கதை

எங்களில் பலருக்குச் சாப்பாடு வெறும் சாப்பாடு அல்ல. பொருளாதாரத் தடைக்காலத்தில் வளர்ந்தவர்கள், 1995 இடப்பெயர்வில் பானையைத் தலையில் வைத்து நடந்தவர்கள், 2009இல் வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். கோப்பையில் சோற்றை மிச்சம் விட இவர்களால் முடியாது. இங்கே வந்து பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் இரவு வேலை செய்து, விடியற்காலை இரண்டு மணிக்குத் தனியே இருந்து சாப்பிட்டுப் பழகியவர்கள் இன்னொரு பகுதி. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் பாதிக்கிறது என்று எழுதியிருக்கிறார். அந்தக் காயத்துக்குச் சாப்பாட்டை மருந்தாக்கிக்கொண்டவர்கள் எங்களிடையே உண்டு.

எங்கள் நோயாளியான ஓர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறோம். உளவியல் மதிப்பீட்டுக்கு மகள்தான் மொழிபெயர்ப்பாளராகப் போனா. எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்பதே பதில். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. எட்டு மாதத்தில் முப்பது கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அக்கா மட்டும் நித்திரை இல்லாமல் எங்களிடம் வந்தா.

"முந்தி இரவில ஷெல் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தால் எழும்பி ஏதாவது சாப்பிடுவன், படுத்திடுவன். இப்ப சாப்பிடவும் ஏலாது, சத்தமும் நிற்குதில்லை" என்றா.

பங்கருக்குள் தம்பியை இழந்த கதையை, அதுபற்றி ஒன்றுமே அறியாத மகளின் வாயால் அக்கா எப்படிச் சொல்வா? ஆனால் பிழை அக்காவுடையது மட்டுமா? பத்து வருடங்களாக அவவைப் பார்த்துவந்த நாங்கள் எழுதிய கடிதத்திலும் சீனி அளவு இருந்தது, இரத்த அழுத்தம் இருந்தது, அது இல்லை. நாங்களும் அதே பாதையால் அகதியாக வந்தவர்கள். அவவின் கதையைக் கேட்டால் எங்கள் கதையும் எழும்பிவிடும் என்ற பயத்தில் கேட்காமல் விட்டிருக்கிறோம். இதை ஒத்துக்கொள்ள எங்களுக்குக் கன காலம் எடுத்தது.

ஆய்வுகளும் எங்களை எச்சரிக்கின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சத்திரசிகிச்சை செய்த எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளியானது. தம்மைத் தாமே துன்புறுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள், சத்திரசிகிச்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளைவிடப் பிந்திய மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தன. பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நடந்தவை. ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு நான்குக்கும் குறைவு என்பதால் பயந்து ஓடத் தேவையில்லை. ஆனால் பாராட்டுகள் ஓய்ந்தபின் வரும் காலத்தைக் கவனிக்க வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் மதுப் பிரச்சினை கூடுவதை 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எங்கள் ஆண்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

குடும்பமும் ஆயத்தமாக வேண்டும்

சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் வாரங்களில் நீராகாரமும் மசித்த உணவும்தான். பிறகும் ஒரு சின்னக் கோப்பை அளவு. அன்பைச் சோற்றால் காட்டும் எங்கள் வீடுகளில் இது பெரிய மாற்றம். "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன?" என்பது சிகிச்சை செய்தவருக்குப் பெரும் கரைச்சல். கலியாண வீட்டில் "நல்லா மெலிஞ்சு போனியள், ஏதும் வருத்தமோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பதும் அப்படித்தான். மதிப்பீட்டுக்கு ஒருநாளாவது கணவனோ மனைவியோ கூடப் போவது நல்லது.

காத்திருக்க முடியாமல் வெளிநாடு சென்று பணம் கட்டிச் செய்துகொண்டு வருபவர்களின் அவசரம் எங்களுக்கு விளங்குகிறது. இங்கே காத்திருப்பு நீளமானதுதான். ஆனால் உங்கள் மனதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் கத்தியை எடுப்பவர், விமானம் ஏறிய பின் உங்களைத் தேடப் போவதில்லை. இன்று பலர் போடும் எடை குறைப்பு ஊசிகளுக்கும் இது பொருந்தும். ஊசி பசியைக் குறைக்கும், தனிமையைக் குறைக்காது.

எனவே நாங்கள் கேட்டுக்கொள்வது:

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம். என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும், முன்கூட்டியே கேளுங்கள்.

மதிப்பீட்டுக்கு முன் இரண்டு வாரம், என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு அப்போது மனம் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் கவலை வந்தால், "எடை குறைந்துவிட்டதே, இனி என்ன கவலை" என்று அடக்காமல் வாருங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: சமரிற்றன்ஸ் 116 123, இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். உடனடி ஆபத்தென்றால் 999.

வைத்தியர்களாகிய எங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அனுப்பும் கடிதத்தில் எடையோடு அந்த மனிதரின் கதையையும் இரண்டு வரி எழுதுவோம். மதிப்பீடு என்பது ஆட்களைத் தடுத்து நிறுத்தும் வாசற்காவலாக இல்லாமல், உதவி தொடங்கும் இடமாக இருக்கட்டும்.

இப்போதும் எங்களிடம் கேட்கிறார்கள், என்ன சொன்னால் பாஸ் பண்ணலாம் என்று. "அங்கே பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஏன் எழும்பிச் சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்கிறோம். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் கதவைச் சாத்திவிட்டு வந்து இருக்கிறார்கள்.