பார்த்ததும் நினைத்ததும்

இந்தத் தடவை மூன்றே மூன்று, சகோதரிகளே!

முதலில் 'செம்மீன்' (1965). ராமு காரியாட்டின் மலையாளப் படம். ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கியது. கடல் காட்சிகள் கண்ணிலேயே நிற்கும். ஆனால் கதை என்ன சொல்கிறது? கரையில் மனைவி நெறி தவறினால், கடலுக்குப் போன கணவனைக் கடலம்மா கொண்டு போய்விடுவாளாம்! நம் மாமல்லபுரத்துப் பக்கம் கொக்கிலமேடு, தேவனேரிப் பெண்கள் கூடை சுமந்து மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள். அலைக்கும் காற்றுக்கும்கூட அவர்கள்தான் ஜவாப்தாரியா? நல்ல படம்தான். அந்த நம்பிக்கையை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அடுத்து சன் டி.வி.யின் 'மெட்டி ஒலி' (2002-2005). திருமுருகன் இயக்கிய தொடர். ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாரின் கவலை அப்படியே நிஜம். மகள் புகுந்த வீட்டில் படும் பாட்டுக்கு நாமெல்லாம் அழுதோமே! அழுதால் போதுமா? தொடர் முடிந்த அதே 2005-ல்தான் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் வந்தது. பக்கத்து வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால், "பொறுத்துக்கோம்மா" என்று சொல்லாமல், 181 என்ற மகளிர் உதவி எண்ணைச் சொல்லுங்கள்.

கடைசியாக '36 வயதினிலே' (2015). ஜோதிகா நடித்த வசந்தியைக் கணவரும் மகளும் துச்சமாக நினைக்கிறார்கள். அவளோ மாடியில் காய்கறி போட்டே நிமிர்ந்து நிற்கிறாள். கொஞ்சம் சினிமாத்தனம்தான், இருந்தாலும் பிடித்தது. வசந்திக்கு வாய்த்ததெல்லாம் நமக்கு வாய்க்காமல் போகலாம். இரண்டு தொட்டியும் ஒரு பிடி வெந்தயமும் கிடைக்காமலா போகும்? கீரைக்குக் கீரை, மனசுக்குத் தெம்பு. போட்டுத்தான் பாருங்களேன்!