நகைக்கு ஊர் உண்டு

ஆங்கிலம் கற்ற விமர்சகர்களிடையே ஒரு வாய்பாடு புழங்குகிறது: 'ஆங்கிலத்தில் இருப்பது நகைச்சுவை, தமிழில் இருப்பது வெறும் கேலி.' அண்மையில் ஒரு கருத்தரங்கிலும் இதைக் கேட்க நேர்ந்தது. அதற்குத் தமிழாசிரியர் பலரும் தலையசைத்ததுதான் நம்மை எழுதத் தூண்டியது.

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளலை அதன் நிலைக்களன்களுள் ஒன்றாக எண்ணுகிறது. கேலி நமக்கு நகையின் உறுப்பு. சொல்விளையாட்டையும் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் சிலேடை மோகத்தைக் குறையாகவே 1765இல் எழுதினார் சாமுவேல் ஜான்சன். இன்றும் ஆங்கிலச் சிலேடைக்குப் பெரும்பாலும் முனகலே பரிசு. இங்கோ பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடிய காளமேகம் அதனாலேயே நிலைத்தார்.

அடுத்த வேற்றுமை இலக்கணத்தில் இருக்கிறது. எம் மாணவர்கள் காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வருபவர்கள். தாமதமாக நுழைபவனை நாளும் 'வாடா' என்றே அழைக்கும் தோழன், ஒருநாள் 'வாங்க சார், குந்துங்க' என்பான். வகுப்பே சிரிக்கும். குந்துதலுக்கு ஏறிய அந்த 'ங்க'வில் இருக்கிறது நகை. எல்லோருக்கும் ஒரே 'யூ'வை வைத்திருக்கும் ஆங்கிலம், இதற்கு ஒரு பட்டத்தையோ குரலையோ துணைக்கு அழைக்க வேண்டும். ஆங்கிலத் துணுக்கை யாரும் யாரிடமும் சொல்லலாம்; இதற்கு இருவருக்கும் இடையே உறவு வேண்டும்.

ஆங்கிலத்தையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. அங்கே 'சீன்' என்றால் பொதுவிடத்து ரகளை. இங்கே 'சீன் போடுவது' வெற்றுப் பகட்டு. பகட்டை அதன் மொழியாலேயே குத்துவது விமர்சனம் இல்லையா?

ஆனால் திரையுலகம் என்ன செய்தது? 'சபாஷ் மீனா'வில் (1958) சந்திரபாபு பேசிய சென்னைத் தமிழ், ஒரு கலைஞனின் செவிக்குச் சான்று. பின்வந்தோர் பலர் செவியை விட்டுவிட்டு உச்சரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டனர். நகைப்பவன் நகைப்புக்குரியவன் ஆனான். விளைவை அன்றாடம் காண்கிறோம்: தாழ்வாரத்தில் நொடிக்கொரு நகை உதிர்ப்பவன், மேடையில் வாய் திறக்கக் கூசுகிறான்.

திருவொற்றியூரில், சங்கிலியாரைப் பிரியேன் என்று சந்நிதியில் சூளுரைக்க வேண்டியிருந்த சுந்தரர், அவ்வேளை மகிழடியில் போய் இருக்குமாறு இறைவனை வேண்டினார். இறைவனோ, மகிழடியிலேயே சூள் வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார் என்கிறது பெரியபுராணம். தோழமை இருக்கும் இடத்தில்தான் இப்படியொரு குறும்பு நிகழும். அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நகைச்சுவை தெரியாது என்போர், முதலில் அங்கே ஒரு தேநீர்க் கடையில் அரைமணி நேரம் அமர்ந்துவிட்டு வரட்டும். பிறகு வாதிடுவோம்.